ஆளுக்கு ஏற்ற கண்ணாடி! ஸ்கூட்டரில் காற்றை ஏமாற்றும் தந்திரம்

காற்றே இல்லாத நாளில் புயல் அடிக்குமா?

அடிக்கும்! ஸ்கூட்டரில் ஏறி வேகமாகப் போனால் போதும்.

மரத்தில் ஓர் இலை கூட அசையவில்லை. சாலை நேராக இருக்கிறது. ஒருவர் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் முகத்தில் வந்து மோதும் காற்றின் வேகம் என்ன? அதுவும் மணிக்கு 80 கிலோ மீட்டர்தான்.

இந்திய வானிலைத் துறை புயலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கடலில் உருவான சுழலில் மணிக்கு 62 கிலோ மீட்டர் முதல் 88 கிலோ மீட்டர் வரை காற்று வீசினால், அதற்குப் "புயல்" என்று பெயர்.

ஆகவே அந்த மனிதர் புயல் காற்றுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். துறைமுகத்தில் கூண்டு ஏற்றவில்லை. வானொலியில் எச்சரிக்கை இல்லை. அவர் முகத்துக்கு மட்டும் புயல்!

இந்தப் புயலைத் தடுக்கத்தான் ஸ்கூட்டரின் முன்னால் கண்ணாடி வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒரு சிக்கல் உண்டு. உயரமானவருக்குப் பொருந்துவது குள்ளமானவருக்குப் பொருந்தாது. ஒருவருக்குச் சுகமாக இருப்பது மற்றவருக்குத் தொல்லையாக இருக்கும். சில சமயம் ஆபத்தாகவும் முடியும்.

அந்தச் சிக்கலை என்ஜினீயர்கள் எப்படித் தீர்த்தார்கள்?

வேகம் இரண்டு மடங்கு. காற்று நான்கு மடங்கு!

காற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்று தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிவிடும். வேகம் மூன்று மடங்கு ஆனால், பலம் ஒன்பது மடங்கு!

ஸ்கூட்டர் ஓட்டுபவரின் மார்பு, தோள், தலை எல்லாம் சேர்ந்து நான்கு சதுர அடிக்குச் சற்று அதிகமான பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அந்தப் பரப்பை ஏறக்குறைய 3 கிலோ எடையின் பலத்தோடு தள்ளும். அது பெரிய பாரம் அல்ல.

80 கிலோ மீட்டர் வேகத்தில் அதுவே 12 கிலோ ஆகிவிடும். 120 கிலோ மீட்டரில் 27 கிலோ! ஓர் அரிசி மூட்டையை மார்பில் சாய்த்து வைத்தது போல் இருக்கும்.

இந்தப் பாரத்தை யார் தாங்குகிறார்கள்? ஓட்டுபவரின் கழுத்தும், தோளும், கைகளும்தான். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவராவது சற்று முன்னால் குனிந்து கொள்ளலாம். ஸ்கூட்டர் ஓட்டுபவர் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காருகிறார். காற்றுக்கு நெஞ்சைக் காட்டுகிறார்.

கண்ணுக்கும் காதுக்கும் கேடு

காற்று தள்ளுவதோடு நிற்பதில்லை. கண்ணில் நீரை வரவழைக்கிறது. தூசியை வாரி இறைக்கிறது. மாலை நேரத்தில் ஏரிக்கரை ஓரமாகப் போனால் பூச்சிகள் வந்து முகத்தில் மோதுகின்றன. ஒரு சின்னப் பூச்சி கண்ணில் விழுந்தால் போதும். இரண்டு விநாடி கண் மூடும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த இரண்டு விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரமும் குருட்டு ஓட்டம்தான்!

அடுத்தது காது.

பிரிட்டனில் 1990-களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் ஹெல்மெட்டுக்குள்ளே எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளந்து பார்த்தார்கள். 60 கிலோ மீட்டர் வேகத்தில் 90 டெசிபெல் சத்தம் இருந்தது. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. 160 கிலோ மீட்டரில் 110 டெசிபெல்!

டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அளவு. 85 டெசிபெல் சத்தத்தை ஒருவர் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிஷம்தான்!

இந்தச் சத்தம் என்ஜினிலிருந்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் கூடினால் பெரும்பாலும் அது காற்றின் சத்தமே. ஹெல்மெட்டில் மோதிச் சுழலும் காற்றுதான் அப்படி இரைகிறது. நாள்தோறும் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இதனால் காது மெல்ல மெல்ல மந்தமாகும்.

விமான நிபுணர் செய்த ஸ்கூட்டர்

காற்றுக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள சண்டை பழையது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். இத்தாலி நாட்டில் பியாஜியோ என்ற கம்பெனி இருந்தது. போர்க் காலத்தில் விமானங்கள் செய்த கம்பெனி அது. பொன்டெடேரா என்ற ஊரில் இருந்த அதன் தொழிற்சாலை குண்டு வீச்சில் நாசமாயிற்று. போருக்குப் பிறகு விமானம் செய்ய வழியில்லை. ஜனங்களுக்கோ மலிவான வண்டி தேவைப்பட்டது.

கம்பெனியின் தலைவர் என்ரிகோ பியாஜியோ, கொராடினோ டஸ்கானியோ என்ற என்ஜினீயரிடம் வேலையை ஒப்படைத்தார். டஸ்கானியோ மோட்டார் சைக்கிள் நிபுணர் அல்ல. விமான நிபுணர்! 1930-ஆம் ஆண்டிலேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர்.

அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. சங்கிலி உடையை அழுக்காக்குகிறது, டயர் மாற்றுவது கஷ்டம், உட்காருவது சுகமாக இல்லை என்று குறைகளை அடுக்கினார். அந்தக் குறைகள் இல்லாத வண்டியை வரைந்தார். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு மனு கொடுக்கப்பட்டது.

அதுதான் வெஸ்பா. இத்தாலி மொழியில் வெஸ்பா என்றால் குளவி.

அந்த வண்டியின் முன்னால் அகலமான தகடு ஒன்று வளைந்து நின்றது. சேறும், தண்ணீரும், காற்றும் ஓட்டுபவரின் காலில் படாமல் அது தடுத்தது. பாவாடை உடுத்திய பெண்களும், கோட்டுப் போட்ட குமாஸ்தாக்களும் உடை கெடாமல் வண்டியில் போக முடிந்தது. இன்றும் ஸ்கூட்டர் என்றால் அந்த முன் தகடு இருக்கும்.

ஆனால் தகடு முழங்காலோடு நின்றுவிட்டது. மார்புக்கும் முகத்துக்கும் பாதுகாப்பு இல்லை.

மேலே ஒரு கண்ணாடி

குளிர் நாடுகளில் அது பெரிய குறை. ஆகவே 1950-களில் ஐரோப்பாவில் ஸ்கூட்டர் வாங்கியவர்கள், கைப்பிடிக்கு முன்னால் உயரமான கண்ணாடி ஒன்றையும் தனியாக வாங்கிப் பொருத்தினார்கள்.

கண்ணாடி என்கிறோமே தவிர, உண்மையில் அது கண்ணாடி அல்ல. உடைந்தால் குத்தும் கண்ணாடியை முகத்துக்கு எதிரே வைக்க முடியுமா? அது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக்கு மூடியாக இருந்த அதே பொருள்! பிறகு பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 1953-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது சுலபத்தில் உடையாது. இன்று பல வண்டிகளில் அதையும் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணாடி வந்தது. கூடவே சண்டையும் வந்தது!

"என் கண்ணை மறைக்குதே!"

ஒரு வீட்டில் ஒரே ஸ்கூட்டர். காலையில் கணவன் வேலைக்கு ஓட்டிப் போகிறார். மாலையில் மனைவி கடைக்கு ஓட்டிப் போகிறாள். வண்டியில் கண்ணாடி பொருத்தியாகிவிட்டது.

"என்னங்க, இந்தக் கண்ணாடியோட மேல் விளிம்பு சரியா என் கண்ணை மறைக்குதே! ரோடே ரெண்டா தெரியுது" என்பாள் மனைவி.

"உனக்கு அப்படியா? எனக்குத் தலை கிடுகிடுன்னு ஆடுது. கண்ணாடியே இல்லாம இருந்தா தேவலைன்னு தோணுது" என்பார் கணவன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதற்குக் காரணம் என்ன?

ஆற்றில் கிடக்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாறையின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது. பாறைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? அங்கே தண்ணீர் சுழலும், நுரைக்கும், அப்படியும் இப்படியும் அலையும்.

கண்ணாடியும் அந்தப் பாறை போலத்தான். காற்று அதன் மேல் ஏறி விளிம்பைத் தாண்டிப் போகிறது. விளிம்பைத் தாண்டியதும் சுழல்கிறது.

ஓட்டுபவரின் தலை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தலைக்கு மேலே காற்று போய்விட்டால் சுகம். தலை சுழலுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், யாரோ ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் தட்டுவது போல இருக்கும். சத்தமும் கூடும். கண்ணாடியே இல்லாமல் நேர் காற்றில் போவது அதைவிட மேல்! நேர் காற்று தள்ளும், ஆனால் உலுக்காது.

உயரமான கணவனுக்கு நேர்ந்தது இதுதான். கண்ணாடி அவருக்குக் குட்டை. சுழல் காற்று அவர் தலையிலேயே போய் மோதியது.

உயரம் குறைந்த மனைவிக்கோ அதே கண்ணாடி அதிக உயரம். அதன் விளிம்பு அவள் கண்ணுக்கு நேரே கோடு போட்டது.

மேலே பார்க்க வேண்டும். ஊடே பார்க்கக் கூடாது!

"கண்ணாடியை இன்னும் உயரமாக வைத்துவிட்டால் என்ன? கண்ணாடிக்கு ஊடே சாலையைப் பார்க்கலாமே?" என்று கேட்கலாம்.

பகலில் பார்க்கலாம். மழை வந்தால் என்ன ஆகும்? காரின் கண்ணாடியில் மழை நீரைத் துடைக்க வைப்பர் இருக்கிறது. ஸ்கூட்டர் கண்ணாடியில் வைப்பர் கிடையாது. மழைத் துளி, தூசி, பூச்சியின் கறை, கீறல் எல்லாம் கண்ணுக்கு நேரே நிற்கும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறும். சாலையே தெரியாது.

ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1990-ல் "கைரோ கேனோபி" என்று ஒரு வண்டி செய்தது. அதற்குக் கூரை உண்டு. முன்னால் தலைக்கு மேல் வரை கண்ணாடி உண்டு. அந்தக் கண்ணாடிக்கு வைப்பரும் உண்டு! ஊடே பார்க்க வேண்டுமானால் வைப்பர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூரையும் கண்ணாடியும் சுமக்கும் அந்த வண்டிக்கு மூன்று சக்கரம்.

சாதாரண ஸ்கூட்டருக்கு வழி வேறு. கண்ணாடியின் மேல் விளிம்பு ஓட்டுபவரின் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்போது விளிம்புக்கு மேலாகச் சாலை தெளிவாகத் தெரியும். காற்றோ விளிம்பிலிருந்து மேல் நோக்கி எழும்பி, தலைக்கு மேலே போய்விடும்.

இதில்தான் தந்திரம் இருக்கிறது. கண்ணாடி முகத்தை மூட வேண்டியதில்லை. காற்றைத் தூக்கிவிட்டால் போதும். முகத்தைவிடத் தாழ்வாக இருக்கும் கண்ணாடி முகத்தைக் காக்கிறது!

ஆனால் எந்த மூக்கு, எந்த மோவாய்? ஆளுக்கு ஆள் அது மாறுகிறதே!

ஐந்து அங்குலம் செய்யும் வேலை

5 அடி உயரமுள்ள ஒரு பெண். 5 அடி 10 அங்குலம் உயரமுள்ள ஓர் ஆண். நின்றால் இருவருக்கும் 10 அங்குல வித்தியாசம்.

ஸ்கூட்டரில் யாரும் நிற்பதில்லை. உட்காருகிறார்கள். மனிதனின் இருக்கையிலிருந்து தலை வரையுள்ள உயரம், நின்ற உயரத்தில் ஏறக்குறைய பாதி. ஆகவே உட்கார்ந்தால் வித்தியாசம் 5 அங்குலம்தான். அதாவது ஏறத்தாழ 13 சென்டி மீட்டர்.

இப்போது ஒரு கம்பெனியின் வண்டியைப் பாருங்கள். ஹோண்டா கம்பெனி 2018-ல் ஐரோப்பாவில் விற்ற "ஃபோர்சா 300" என்ற ஸ்கூட்டரில் கண்ணாடி மேலும் கீழும் நகரும். எவ்வளவு தூரம்? 14 சென்டி மீட்டர்! அடுத்து வந்த "ஃபோர்சா 350"-ல் அதை 18 சென்டி மீட்டராக நீட்டினார்கள்.

அந்தக் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே கண்ணாடி போதும்!

உயரம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும். மற்றவருக்கு உடல் நீளமாக இருக்கும். உட்கார்ந்தால் இருவரின் கண்ணும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். இன்னொருவர் சற்றே கூனி உட்காருவார். எனவே "5 அடி 6 அங்குலத்துக்கு இந்தக் கண்ணாடி" என்று செருப்பு விற்பது போல அளவு சொல்லி விற்க முடியாது. உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நகர்த்துவது எப்படி?

கண்ணாடியை நகர்த்த நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, போல்ட். கண்ணாடியைப் பொருத்தும் இடத்தில் மேலே ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையுமாகத் துளைகள் இருக்கும். போல்ட்டைக் கழற்றி, வேறு துளையில் மாட்ட வேண்டும். மலிவான முறை. ஆனால் வண்டியை நிறுத்தி, கருவி எடுத்து, கழற்றி மாட்ட வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் ஓட்டும் வீட்டில் இது நடக்காத காரியம்.

இரண்டாவது வழி, கைப்பிடித் திருகு. திருகைத் தளர்த்தி, கண்ணாடியைக் கையால் ஏற்றி இறக்கி, மறுபடி முறுக்கிவிடலாம். கருவி வேண்டாம். அரை நிமிஷம் போதும்.

மூன்றாவது வழி, இரட்டைக் கண்ணாடி. அடியில் ஒரு கண்ணாடி அசையாமல் இருக்கும். அதன் மேல் சிறிய கண்ணாடி ஒன்று சறுக்கி ஏறும். சிலவற்றில் மேல் துண்டின் சாய்வையும் மாற்றலாம். சாய்வு மாறினால் காற்று எழும்பும் திசையும் மாறும். நாலு அங்குலம் ஏற்றுவதற்குப் பதில், சாய்வைச் சற்றே மாற்றியே காற்றைத் தலைக்கு மேலே அனுப்பிவிடலாம்.

நான்காவது வழி, மின்சார மோட்டார். கைப்பிடி அருகே சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் கண்ணாடி தானாக ஏறும், இறங்கும்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2012-ல் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய ஸ்கூட்டர்களை வெளியிட்டது. "சி 600 ஸ்போர்ட்" என்ற வண்டியில் கண்ணாடியைக் கையால் மூன்று நிலைகளில் வைக்கலாம். "சி 650 ஜி.டி." என்ற வண்டியில் சுவிட்ச்! விரைவாகப் போக நினைப்பவருக்கு ஒன்று. நெடுந்தூரம் போகிறவருக்கு மற்றொன்று. ஜப்பானின் சுசுகி கம்பெனி செய்த "பர்க்மன் 650 எக்ஸிக்யூடிவ்" என்ற ஸ்கூட்டரிலும் மின்சாரக் கண்ணாடி இருந்தது.

மின்சாரக் கண்ணாடிக்கு இன்னொரு நன்மை உண்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இறக்கிவிடலாம். நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஏற்றிவிடலாம்.

அளவுக்கு மிஞ்சினால்…

"காற்று கெட்டது. ஆகவே கண்ணாடி பெரிதாக இருக்கட்டும்" என்று நினைப்பது தவறு.

பெரிய கண்ணாடி பாய்மரம் போன்றது. முன்னால் வரும் காற்றைத் தடுக்கிறது. ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தால்? பாலத்தின் மேல் போகும்போதும், பெரிய லாரியைத் தாண்டும்போதும் பக்கக் காற்று திடீரென்று அடிக்கும். பெரிய கண்ணாடி அதை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளும். கண்ணாடி கைப்பிடியோடு பொருத்தப்பட்டிருந்தால், கைப்பிடியே திரும்பப் பார்க்கும். ஸ்கூட்டருக்கோ சின்னச் சக்கரம். ஜாக்கிரதை வேண்டும். அத்தகைய சமயத்தில் வேகத்தைக் குறைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் நல்லது.

இன்னொரு விந்தையும் உண்டு. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடும். அந்த இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து காற்று வரும். "யாரோ முதுகில் தள்ளுகிறார்கள்" என்று ஓட்டுபவருக்குத் தோன்றும். இதைத் தடுக்கச் சில கண்ணாடிகளின் அடியில் சிறிய வழி விடுகிறார்கள். அதன் வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வந்து அழுத்தத்தைச் சரி செய்கிறது.

வெயில் காலம் வேறு இருக்கிறது. சித்திரை வெயிலில் காற்று எதிரி அல்ல, நண்பன். வேர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைப்பது காற்றுதான். அப்போது கண்ணாடியை நன்றாக இறக்கிவிட வேண்டும்.

மலை மேல் போனால் கதை மாறும். ஊட்டியில் மார்கழி, தை மாத அதிகாலையில் வெப்பம் 5 டிகிரிக்கு இறங்குவது உண்டு. அந்தக் குளிரில் மணிக்கு 50 கிலோ மீட்டர் காற்று பட்டால், தோலுக்குச் சுழிக்கும் கீழே 1 டிகிரி போலத் தெரியும் என்கிறது குளிர்காற்று அட்டவணை. தண்ணீர் உறையும் குளிர்! விரல் மரத்துப் போனால் பிரேக்கைப் பிடிப்பது எப்படி? அங்கே கண்ணாடியை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஆக, ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும். ஊருக்கு ஏற்ப மாற வேண்டும். காலத்துக்கு ஏற்பவும் மாற வேண்டும்.

நம் ஊர் ஸ்கூட்டரில்?

நம் நாட்டுக் குடும்பங்கள் ஓட்டும் சாதாரண ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கண்ணாடியே இல்லை. 2018-ல் சுசுகி கம்பெனி இங்கே கொண்டுவந்த "பர்க்மன் ஸ்ட்ரீட்" போன்ற சிலவற்றில் சிறிய கண்ணாடி உண்டு. ஆனால் அது ஏறி இறங்காது.

அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஏறி இறங்கும் கண்ணாடி ஒன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. எங்கே?

ஹெல்மெட்டில்!

முகத்தை மூடும் ஹெல்மெட்டின் முன்னால் உள்ள வைசர்தான் அது. ஓட்டுபவரின் உயரம் எதுவானாலும் அது அவர் கண்ணுக்கு நேரே நிற்கும். வண்டியை மனைவி ஓட்டினாலும் கணவன் ஓட்டினாலும் அவரவர் ஹெல்மெட், அவரவர் கண்ணாடி. காற்று, தூசி, பூச்சி மூன்றையும் தடுக்கும். விழுந்தால் தலையையும் ஹெல்மெட் காக்கும். ஸ்கூட்டர் கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதைச் செய்யாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போலீசுக்குப் பயந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு, வைசரை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுப் போகிறவர்கள் அநேகர். கண்ணுக்கு வந்த காவலை அவர்களே விலக்கிவிடுகிறார்கள்!

குழந்தையை மறக்காதீர்கள்

குடும்பத்தில் எல்லோரையும்விட உயரம் குறைந்தவர் யார்? குழந்தைதான்.

நம் ஊரில் குழந்தையை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. "முன்னால் நின்றால் காற்று வாங்கும், குழந்தைக்குச் சந்தோஷம்" என்கிறார்கள். அந்தக் குழந்தையின் முகத்தில்தான் தூசியும் பூச்சியும் முதலில் மோதுகின்றன. வண்டியில் கண்ணாடி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பிரேக் போட்டவுடன் குழந்தையின் முகம் கண்ணாடி விளிம்பிலோ கைப்பிடியிலோ போய் இடிக்கும்.

மத்திய அரசு 2022-ல் இதற்கு விதி வகுத்தது. 2023 பிப்ரவரி முதல் அது அமலுக்கு வந்தது. 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு வார்ப்பட்டையால் பிணைக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வண்டி 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

40 கிலோ மீட்டருக்கு மேலே போகாதிருந்தால் காற்றின் பலமும் குறைவு என்பதை முன்பே பார்த்தோம். வேகத்தைக் குறைப்பதைப் போன்ற மலிவான காற்றுத் தடுப்பு உலகத்தில் வேறு இல்லை!

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

ஸ்கூட்டருக்குக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பணம் செலவில்லை.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு வழக்கமாக உட்காருவது போல உட்காருங்கள். சாலையில் 15 மீட்டர் தள்ளி ஓர் இடத்தைப் பாருங்கள். பார்வை கண்ணாடியின் விளிம்புக்கு மேலாகப் போக வேண்டும். விளிம்பு கண்ணுக்கு நேரே கோடு போட்டால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.

வண்டியை ஓட்டும் மற்றவர்களையும் அழைத்துப் போய் உட்கார வையுங்கள். ஒருவருக்குப் பொருந்தி மற்றவருக்குப் பொருந்தாவிட்டால், ஏறி இறங்கும் கண்ணாடியைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், உயரம் குறைந்தவருக்குப் பொருந்துவதை வாங்குங்கள். உயரமானவருக்குத் தலையில் காற்று அடிக்கும்; அது தொல்லை. உயரம் குறைந்தவருக்குச் சாலை மறையும். அது உயிருக்கே ஆபத்து.

கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி எங்கும் இடிக்கக் கூடாது. பிரேக் கம்பி சிக்கக் கூடாது.

பொருத்திய பிறகு முதலில் தாழ்வாக வைத்து ஓட்டிப் பாருங்கள். தலை ஆடினால் வண்டியை நிறுத்தி, ஒரு விரற்கடை ஏற்றுங்கள். மறுபடி ஓட்டுங்கள். வண்டி ஓடும்போது கையை விட்டுத் தொட்டுப் பார்க்கவே கூடாது.

கண்ணாடியைக் கழுவத் தண்ணீரும், கொஞ்சம் சோப்பும், மெல்லிய துணியும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் படக் கூடாது, பிளாஸ்டிக் மங்கிவிடும். உலர்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட்டிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும். மாதம் ஒரு முறை திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சட்டை தைக்கும்போது தையற்காரர் ஆளை நிற்க வைத்து அளவெடுக்கிறார். அண்ணன் சட்டை தம்பிக்குத் தொளதொளக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டை பொருந்தாவிட்டால் பார்க்க நன்றாக இராது, அவ்வளவுதான். ஸ்கூட்டர் கண்ணாடி பொருந்தாவிட்டால் சாலை தெரியாது. அதற்கும் ஆளை உட்கார வைத்து அளவு பார்க்க வேண்டாமா?